மறு: ஃபர்ம்வேருக்கு "நிலைபொருள்" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

அப்டேட் பண்ற மென்பொருள் ஒண்ணோட மெனுவ தமிழாக்கிட்டு இருக்கேன், ஃபர்ம்வேர்னு (சாதனத்த அடிமட்டத்துல இயக்கற நிரல்) வர்ற இடத்துல எல்லாம் வழக்கம்போல நிலைபொருள்னு போட்டு வச்சிருந்தேன். சோதிச்சுப் பாக்கக் குடுத்த நண்பர் ஒருத்தர் சொல்றாரு, "நிலைபொருளைப் புதுப்பின்னு வந்துச்சு, நிலையா இருக்குறத எதுக்கு நோண்டணும்னு மூடிட்டேன்". சிரிச்சுட்டேன், அப்புறம் பாத்தா அவர் மூடினது ஒரு பாதுகாப்பு அப்டேட்.

ராம் மாதிரி கரண்ட் போனதும் அழிஞ்சிடாத ரோம் சில்லுல ஒரு தடவ எழுதிட்டா அவ்வளவுதான்ங்கற காலத்துல நிலைபொருள் பொருந்தியிருக்கும். இப்போ? என் லேப்டாப்புல டெபியன் லினக்ஸ் போட்ட முதல் நாள் வைஃபை வேலையே செய்யல, ரெண்டு நாளா டிரைவர் டிரைவர்னு தேடி அலைஞ்சேன், கடைசில கெர்னல் (இயங்குதளத்தோட மையப்பகுதி) எழுதி வைக்கற லாக்க பொறுமையா படிச்சா ஃபர்ம்வேர் ஃபைல ஏத்த முடியல, பிழை மைனஸ் 2ன்னு இருக்கு, அதாவது ஃபைலே இல்ல. டிரைவர், அதாவது கார்டோட பேச கெர்னலுக்கு உதவற இயக்கி, ஒழுங்காத்தான் இருந்துச்சு. அந்த வைஃபை கார்டு தனக்குன்னு எதையும் வச்சுக்கறதில்ல, ஒவ்வொரு தடவ பூட் ஆகும்போதும் கெர்னல்தான் ஃபைல எடுத்து ஊட்டணும், கரண்ட் போனா அதுவும் போச்சு. இதுக்குப் பேரு நிலைபொருளாம்! (டெபியன்ல 2022ல ஓட்டெடுப்பு நடத்தி, 2023ல வந்த 12ஆம் பதிப்புலேர்ந்து இந்த ஃபைல்கள இன்ஸ்டாலரோடவே தர்றாங்க, நான் பட்ட பாடு இனி யாருக்கும் வேணாம்.)

வேற சொல் இருந்தா சொல்லுங்க.

-----

தம்பி,

புழங்குற சொல்ல கலைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் யோசிங்க. மாத்தியே ஆகணும்னா என் கட்சி "இடைப்பொருள்". வன்பொருள், மென்பொருள் ரெண்டும் ஏற்கனவே இருக்கு, வல்லினம் மெல்லினம்னு சொன்னா அடுத்து இடையினம் தானே வரும்? ஆங்கிலத்துலயும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுனாலதான் அந்தப் பேரு.

-----

> தம்பி, எனக்கு "உறைநிரல்" புடிச்சிருக்கு, உறைவிடம் மாதிரி

(இது இன்னொருத்தர் எழுதினது, ரெண்டுக்கும் சேத்தே பதில் போடறேன்.)

ஐயா, வல்லினம் மெல்லினம் இடையினத்த படிச்சதும் அசந்துட்டேன், இத விட அழகா யாரும் சொல்லிட முடியாது. வரலாறும் உங்க பக்கம்தான். ஆஷர் ஓப்லர் 1967ல டேட்டாமேஷன் பத்திரிகைல இந்த வார்த்தைய உருவாக்கினப்போ வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவுலன்னுதான் வச்சாரு. அதுலயும் வேடிக்கை என்னன்னா, அவர் பேசினது திருப்பி எழுதக்கூடிய நினைவகத்துல ஏத்தற மைக்ரோகோடு (சிபியு தன் கட்டளைகள எப்படி செய்யணும்னு சொல்ற உள்நிரல்) பத்தி, ஆக பொறந்தப்பவே அது நிலையா இல்ல.

ஆனா இடைப்பொருள்ல ஒரே சிக்கல், மிடில்வேர் (ரெண்டு மென்பொருளுக்கு நடுவுல நின்னு இணைக்கறது) வந்து குறுக்க நிக்குது. அதுக்கு வேற என்ன சொல்லுவோம்? ஒரே ஆவணத்துல ரெண்டும் வந்தா படிக்கறவன் செத்தான்.

உறைநிரல்... எனக்கும் காது குளிருது, ஆனா உறைன்னதும் தலையணை உறை ஞாபகம் வர்றவங்க பாதி, பனியா உறையறது ஞாபகம் வர்றவங்க மீதி. உறைஞ்சு போச்சுன்னா மறுபடியும் நிலைபொருள் கதைதான்.

நான் யோசிச்சது "சில்லுநிரல்". சில்லும் நிரலும் ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, விளக்கம் தேவையில்ல. முக்கியமா, நிரல்னு காதுல விழுந்தா அத மாத்தலாம், கெடுக்கலாம்னு தோணும், பொருள்னா தோணாது. 2014ல பேட்யூஎஸ்பின்னு ஒரு தாக்குதல காட்டினாங்களே, பென்டிரைவ் உள்ள இருக்கற கண்ட்ரோலர் சில்லோட நிரல மாத்தி எழுதிட்டா அது கம்ப்யூட்டர்கிட்ட "நான் கீபோர்டு"ன்னு சொல்லி தானா டைப் அடிக்கும், நீங்க பென்டிரைவ எத்தன தடவ ஃபார்மேட் அடிச்சாலும் அழியறது உங்க ஃபைலுங்க மட்டும்தான். 2018ல வந்த லோஜாக்ஸ்ங்கற தீநிரல் இன்னும் மோசம், மதர்போர்டுல இருக்கற யூஇஎஃப்ஐ (பயாஸோட புது வடிவம், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடறது) உள்ளயே உக்காந்துக்கும், விண்டோஸ மறுபடி போட்டாலும் ஹார்ட்டிஸ்கையே மாத்தினாலும் போகாது. "ஃபார்மேட் அடிச்சா எல்லாம் போயிரும்"னு நம்பறவங்களுக்கு எங்க ஒளிஞ்சிருக்குன்னு பேர்லயே சொல்லிடலாம்ல.

-----

> சில்லுநிரல்

தம்பி, ஒரு ஓட்டை இருக்கு. வைஃபை கார்டோடது கார்டுல இருக்கற சில்லுலதான் ஓடுது, சரி. பயாஸ் அப்படியா? அது ஃப்ளாஷ் சில்லுல குடியிருக்கு, ஓடறது சிபியுல. ஒண்ணுல ஓடற இடம், இன்னொண்ணுல இருக்கற இடம், நீங்க ரெண்டையும் ஒரே பேர்ல போட்டு மழுப்பறீங்க.

-----

ஐயா, மாட்டிக்கிட்டேன், மழுப்பல்தான். மைக்ரோகோட சேத்தா இன்னும் குழப்பம், ஸ்பெக்டர்ங்கற சிபியு பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்த 2018 ஜனவரிக்கு அப்புறம் மைக்ரோகோடுக்கு வந்த திருத்தங்கள் லினக்ஸ் டிஸ்ட்ரோ (டெபியன் மாதிரி தொகுப்பு) மூலமா ஃபைலா வருது, ஒவ்வொரு பூட்டுலயும் சிபியுக்குள்ள ஏறுது, ஆஃப் பண்ணா போயிடுது. ஆனா மூணுலயும் ஏதோ ஒரு சில்லு இருக்கு, டிரைவர்ல அது இல்ல, டிரைவர் கெர்னலோட ஒரு பகுதி. இயக்கியையும் இதையும் பிரிச்சுக் காட்டினாலே எனக்குப் போதும், ரெண்டு நாள் அலைஞ்சதே அந்தக் குழப்பத்துலதான்.

இப்போதைக்கு மெனுவுல "சில்லுநிரல் புதுப்பித்தல்"னு போட்டுட்டேன், பழக்கப்பட்டவங்க தடுமாறக் கூடாதுன்னு உதவிப் பக்கத்துல மட்டும் ஒரு தடவ நிலைபொருள்னும் குறிப்பிட்டிருக்கேன். அதே நண்பர்கிட்ட திருப்பிக் குடுத்தேன், இந்த தடவ மூடல, "எந்த சில்லு?"ன்னு கேட்டாரு. அதனால பக்கத்துலயே சாதனத்தோட பேரையும் காட்டற மாதிரி மாத்திட்டு இருக்கேன்.

மிடில்வேருக்கு இடைப்பொருள நீங்களே முறையா முன்மொழிஞ்சு தனி இழை ஒண்ணு தொடங்குங்க ஐயா, முதல் ஓட்டு என்னோடது.