கோடையில் இஞ்சி டீ குடிக்கச் சொல்கிறது சீன மருத்துவம், எனக்கு வாய்ப்புண்தான் மிச்சம்

வெயில்குருவி:
நாள் முழுக்க ஏசி அறையில் வேலை. ஐஸ் போட்டு எதைக் குடித்தாலும் அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது, சில நாள் இளகியும் போகிறது. இதற்குச் சீன மருத்துவத்தில் வெயில் காலத்தில்தான் இஞ்சியும் சிவப்பு இலந்தையும் கொதிக்க வைத்துக் குடிக்கணும் என்று படித்தேன். கொளுத்துகிற வெயிலில் சூட்டுச் சாமானா என்று தயங்கினாலும், சரி பார்ப்போமே என்று கையில் இருந்த சுக்கு, பட்டை, கூடவே இலந்தை எல்லாம் போட்டு ராத்திரி படுக்கும் முன் ஒரு பெரிய டம்ளர் குடித்தேன். நாலாம் நாள் உதட்டுக்குள் புண், தூக்கமும் போச்சு. வயிறு மட்டும் கொஞ்சம் தேவலை. இதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா, இல்லை நான்தான் சொதப்பினேனா?

பழைய கெட்டில்:
சொதப்பல்தான், கோபிக்காதீர்கள். அவர்கள் கணக்கில் பச்சை இஞ்சியும் சுக்கும் ஒரே மருந்து இல்லை. பச்சை இஞ்சி (ஷெங்ஜியாங்) வெதுவெதுப்பு, சுக்கு (கான்ஜியாங்) நல்ல சூடு. காயும்போது இஞ்சியில் இருக்கும் ஜிஞ்சரால் என்ற காரப்பொருள் இன்னும் காரமான ஷோகாலாக மாறிக் காரம் ஏறுகிறது என்பதால் நாக்குக்கே வித்தியாசம் தெரியும். பட்டையும் சூட்டு வகை. அதற்கு மேல் ராத்திரி வேறு! 'இரவில் இஞ்சி தின்பது பாஷாணம் தின்ற மாதிரி' என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு, மிகைதான், ஆனால் காலையில் குடி என்பதுதான் அதன் பொருள்.

கோடையில் ஏன் என்றால், வெயிலில் உடம்பின் யாங் (சூட்டுச் சக்தி) முழுக்கத் தோலுக்கு வந்து வியர்வையாகப் போகிறது, உள்ளே வயிறு காலியாகிக் குளிர்ந்து கிடக்கிறது என்பது அவர்கள் கொள்கை. வெயில் காலத்தில் கிணற்றுத் தண்ணீர் சில்லென்று இருக்குமே, அப்படி. அந்த வயிற்றில் ஐஸையும் ஊற்றினால் என்ன ஆகும்? ஹுவாங்தி நெய்ஜிங் என்ற பழைய நூல் வசந்தத்திலும் கோடையிலும் யாங்கைப் பேணச் சொல்வதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

முத்தாற்றங்கரை:
தென்சீனாவில் குவாங்ஜோ நகரில் ஆறு வருஷம் இருந்தவன். அங்கே தெருவுக்குத் தெரு விற்பது இதற்கு நேர் எதிர்: லியாங்சா, கன்னங்கரேலென்று, வேப்பங்கஷாயம் மாதிரி கசக்கும் குளிர்ச்சி டீ. அதனால் கோடை வந்தால் சீனாவே இஞ்சி குடிக்கிறது என்று எண்ண வேண்டாம்.

எங்கள் ஆபீஸில் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். பிளாஸ்கில் மூன்று வில்லை இஞ்சி, பிளந்து கொட்டை எடுத்த இரண்டு சிவப்பு இலந்தை (பேரீச்சை இல்லை, அது வேறு பழம்), சில நாள் ஷின்ஹுய் ஊர் காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு, பழைய செருப்புத் தோல் நிறத்தில் இருக்கும், பிரித்தால் அறையே மணக்கும். பத்து மணிக்குள் குடித்து முடித்துவிடுவார். நான் கேட்டபோது முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். வெள்ளையாக மாவு படிந்து ஓரத்தில் பல் தடம் இருந்தால் இஞ்சி; சிவந்து மஞ்சள் படிந்திருந்தால் சாமந்திப்பூ டீ. முகமெல்லாம் பருவோடு ஒரு பையன் கேட்டதற்கு ஒரு வாய்கூடத் தரவில்லை, லியாங்சா கடைக்குத் துரத்திவிட்டார்.

அவரே ஜூலை நடுவில் ஆரம்பிக்கும் சான்ஃபூ என்ற உச்ச வெயில் நாட்களில் முதுகில் பத்துப் போட்டுக்கொள்வார், பத்து நாளுக்கு ஒரு தடவை. வெள்ளைக் கடுகை இஞ்சிச் சாற்றில் குழைத்தது. குளிர்கால இருமலுக்குக் கோடையில் வைத்தியமாம். முதுகு கொப்பளித்து வந்து உட்காருவார், பார்க்கவே பாவமாக இருக்கும்.

சந்தேகப்பிராணி:
யாங் உள்ளே போகிறது வெளியே வருகிறது என்பதெல்லாம் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் சூடாகக் குடிப்பதில் விஷயம் உண்டு. 2012இல் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் சைக்கிள் மிதிக்க வைத்துச் சோதித்ததில் 50 டிகிரி தண்ணீர் குடித்தபோது உடம்பில் தங்கிய வெப்பம் குறைவாக இருந்தது, வியர்வை கூடியதால். அந்த வியர்வை ஆவியாகணும், புழுக்கத்தில் சொட்டிக்கொண்டே இருந்தால் பிரயோஜனமில்லை. அப்புறம், சீனப் பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், தினமும் போட்டால் கல்லீரலுக்கு ஆகாது. ருசிக்கு அதிமதுரம் சேர்ப்பவர்கள், பிரஷர் இருந்தால் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இஞ்சியைத் தொடுங்கள்.

ஒரு கேள்வி: நீங்கள் ஐஸ் போட்டுக் குடிப்பதில் பால் இருக்குமா?

வெயில்குருவி:
அடடா. எப்போதும் பால் ஊற்றிய ஐஸ் காபிதான்! நேற்றும் இன்றும் பாலில்லாமல் குடித்துப் பார்த்தேன், வயிறு சத்தமே போடவில்லை. நாக்கு நடுவில் வெள்ளை, நுனியில் சிவப்பு, எந்தக் கட்சி என்று தெரியவில்லை. சுக்கையும் பட்டையையும் நிறுத்திவிட்டேன், புண் ஆறுகிறது. ஆனால் காலையில் இஞ்சியும் இலந்தையும் பிடித்துப்போய்விட்டது, விடுவதாக இல்லை.

பழைய கெட்டில்:
விடவேண்டாம். இஞ்சித் தோலை மட்டும் சீவாதீர்கள், சதை சூடு, தோல் குளிர்ச்சி என்பார்கள். உங்கள் நாக்குக்கு இரண்டும் வேண்டியிருக்கும் போல.