ஆச்சி வீட்டு ஃபேன் பஞ்சாயத்து (குடும்ப வாட்ஸ்அப் குரூப்)

*ஞாயிறு*

பெரியப்பா: எல்லாருக்கும் காலை வணக்கம். நேத்து ராத்திரி ஹால் ஃபேன் கருகுன வாடை அடிச்சு நின்னு போச்சு. எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு காயில் போயிருச்சு, கட்டுனா ஐநூறு அறுநூறு ஆகும்ங்கான். கட்டவா புதுசு வாங்கவா, யோசனை சொல்லுங்க

தினேஷ்: பெரியப்பா காயில் எல்லாம் கட்டாதீங்க. பிஎல்டிசி ஃபேன் வாங்கிருங்க, அதான் உள்ள எலக்ட்ரானிக் போர்டு வச்சு கம்மி கரண்ட்ல ஓடுற ஃபேன். அது ஒண்ணு மட்டும் இல்ல வீட்ல இருக்கற அஞ்சையும் மாத்திருங்க, நானே இங்கருந்து ஆர்டர் போட்டு விடுறேன். பழைய ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும், இது 28லருந்து 35க்குள்ளதான். பாதிக்கும் கீழ

பெரியப்பா: விலை என்ன

தினேஷ்: ஒண்ணு மூவாயிரம் சுத்தி வரும்

பெரியப்பா: அஞ்சு மூவாயிரம் பதினஞ்சாயிரம். ஏலே நான் ஃபேன் கருகிருச்சுன்னு சொன்னேன், வீடு கருகிருச்சுன்னு சொல்லல

சுபா அக்கா: 😂😂

அத்தை மதுரை: அண்ணே அதுக்கு ஏன் செலவு, மச்சு ரூம்ல ஒரு ஃபேன் சும்மாதானே தொங்குது. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நாங்க வந்தாத்தான் அது ஓடும். அதக் கழட்டி ஹால்ல மாட்டுங்க

பெரியப்பா: இதுவும் நல்ல யோசனைதான்

தினேஷ்: அத்தை அது இருபது வருஷத்து ஃபேன், கரண்ட குடிக்கும்

அத்தை மதுரை: குடிக்கட்டும்டா. எங்க வீட்ல போன வருசம் உங்க மாமா ஹாலுக்கு ரெண்டு பிஎல்டிசி வாங்கி மாட்டினாங்க. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரு ரிமோட்ட அமுக்கினா ரெண்டும் சேந்து ஓடும், ஒண்ண நிறுத்தினா ரெண்டும் நிக்கும். இப்ப ரிமோட்ட ஒரு கைல மறைச்சு வச்சுகிட்டு ஒரு ஃபேனுக்கு நேரா நீட்டி அமுக்குறோம். துப்பாக்கி சுடுற மாதிரி. அந்த ரிமோட்டும் சோபா சந்துக்குள்ள போயிட்டா அன்னைக்கு முழுக்க காத்து கிடையாது

தினேஷ்: வைஃபை மாடல் இருக்கு அத்தை, போன்லயே ஆப் வச்சு போட்டுக்கலாம்

பெரியப்பா: காத்து வாங்க வைஃபையா

சுபா அக்கா: அப்பா இத இப்படி பேசிகிட்டே இருந்தா முடியாது. போன கரண்ட் பில்லு எவ்வளவு வந்துச்சு? யூனிட் சொல்லுங்க ரூபா வேண்டாம்

பெரியப்பா: இரு பாக்கேன்

பெரியப்பா: சாதாரணமா 400க்குள்ள நிக்கும். இந்த கோடைல மட்டும் 540 போயிருச்சு. ரெண்டாயிரத்து நானூறுக்கு மேல கட்டினேன்

சுபா அக்கா: அதான் விஷயம். ரெண்டு மாச பில்லுல 500 தாண்டிட்டா அந்த மேல உள்ள 40க்கு மட்டும் எட்டு ரூபாக்கு மேல போடுறான்னு நினைக்காதீங்க. 100லருந்து 200 வரைக்கும் பாதி ரேட்ல தர்றான்ல, அதுவும் போயிரும், அந்த நூறுக்கும் முழு ரேட். நான் இப்ப கணக்கு போட்டு பாத்தேன், 540 வர்ற இடத்துல 490 வந்திருந்தா அறுநூறு ரூபாக்கு மேல குறைஞ்சிருக்கும். அம்பது யூனிட்டுக்கு அறுநூறு

பெரியப்பா: அடப்பாவிகளா

தினேஷ்: நான் அதத்தான் சொல்ல வந்தேன்

சுபா அக்கா: நீ சொல்லல. நீ அஞ்சையும் மாத்துன்னு சொன்ன

*இந்த செய்தி நீக்கப்பட்டது*

சுபா அக்கா: என்னடா டெலீட் பண்ண

தினேஷ்: ஒண்ணுமில்ல ஆஃபர் லிங்க், எக்ஸ்பயர் ஆயிருச்சு

பெரியப்பா: முருகன் மாப்ள எங்க, கடைல இருக்கியா. ஃபேன் விக்கறவன் நீ ஒண்ணும் சொல்லாம இருக்க

முருகன் அத்தான்: மாமா இப்பதான் கடைய சாத்துனேன் சாப்பிட்டு வந்து சொல்லுதேன்

முருகன் அத்தான்: சரி மாமா. நான் ரெண்டையும் விக்கேன், பிஎல்டிசி வித்தா எனக்கு நாலு காசு கூடதான், ஆனாலும் உள்ளத சொல்லுதேன். ஃபேன் எந்த ரூம்ல எத்தன மணி நேரம் ஓடுதுன்னு பாக்காம அஞ்சையும் மாத்துறது வீண். நம்ம ஹால் ஃபேன் காலைல ஆறுக்கு போட்டா ராத்திரி பத்து வரைக்கும் நிக்காது, பதினாறு மணி நேரம். 45 வாட்ஸ் மிச்சம்னா ரெண்டு மாசத்துல 43 யூனிட். அங்க மாட்டினா காசு திரும்பி வரும். மச்சு ரூம்ல மாட்டினா உங்க பேரன் காலத்துலயும் திரும்பாது. அடுப்படில சமைக்கற நேரம் மட்டும் ஓடுது, அதுக்கும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு வேற

முருகன் அத்தான்: ஹால் ஃபேன் எப்படியும் போயிருச்சு. சாதா ஃபேன் வாங்கினாலும் ஆயிரத்து எழுநூறு ஆகும். அப்ப கூடுதலா போடுறது ஆயிரத்து முன்னூறுதான். சாதாரண மாசத்துல பில்லுக்கு இருநூறு குறையும், ஏழு பில்லுக்குள்ள கழிஞ்சிரும், கோடைல ஒரு தடவ 500க்குள்ள நின்னுட்டா இன்னும் சீக்கிரம். ஆனா நல்லா ஓடுற ஃபேன கழட்டிப் போட்டுட்டு வாங்கினா முழு மூவாயிரமும் செலவுக் கணக்குதான். உங்க பெட்ரூம் ஃபேன் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடுது, பில்லுக்கு நூறு ரூபா மிச்சமாகும், அஞ்சு வருஷம் ஆகும் காசு எடுக்க. அது ஓடுற வரைக்கும் ஓடட்டும்

பெரியப்பா: இப்பதான் புரியுது. காயில் கட்டினா என்ன மாப்ள, அறுநூறோட போயிரும்ல

முருகன் அத்தான்: கட்டுறவன் கையப் பொறுத்தது மாமா. செம்புக் கம்பில அதே சுத்து எண்ணிக் கட்டுனா பழைய மாதிரி ஓடும், நான் சின்னப் புள்ளைல இருந்து பாத்த ஃபேன் எல்லாம் மூணு நாலு தடவ கட்டி ஓடுனதுதான். இப்ப நிறைய பேர் அலுமினியத்துல கட்டிக் குடுத்துருதான், கை வச்சா சுடும், அடுத்த கோடைல திரும்ப கருகும். நல்ல ஆளு கிடைச்சா கட்டலாம், தப்பில்ல. ஆனா பதினாறு மணி நேரம் ஓடுற இடத்துக்கு நான் கட்டச் சொல்ல மாட்டேன்

அத்தை மதுரை: முருகா, உன் கடைல வாங்கின பிஎல்டிசி ரிப்பேருக்கு வர்றதே இல்லையாடா?

முருகன் அத்தான்: வருதும்மா ஏன் வராம. சாதா ஃபேன்ல என்ன போகும், ஸ்லோவா சுத்துனா 2.5 கண்டன்சர், சத்தம் வந்தா பேரிங்கு. தெருமுனை எலக்ட்ரீசியன் நூறு இருநூறுல முடிச்சிருவான். பிஎல்டிசில மோட்டார் அதிகம் போகாது, உள்ள இருக்க போர்டு போகும். அத நம்மாளு கழட்டினா திரும்ப பூட்டத்தான் தெரியும், சரி பண்ணத் தெரியாது, முழுசா மாத்தணும். வாரண்டி இருந்தா கம்பெனிக்காரன் ஃப்ரீயா மாத்துவான், முடிஞ்சு போச்சுன்னா எழுநூறு ஆயிரம். போன மாசம் ஒருத்தர் கொண்டு வந்தாரு, ரெண்டு நாளா ஓடலன்னு. மூடியக் கழட்டுனா போர்டு மேல ஒரு குட்டிப் பல்லி, செத்து காஞ்சு போய் ரெண்டு கம்பிக்கு நடுவுல குறுக்க ஒட்டிக் கிடக்கு. ஒரு கம்பெனி ஃபேனுக்கு போர்டு கேட்டு மூணு வாரமா கஸ்டமருக்கு பதில் சொல்ல முடியாம இருக்கேன், பேரு வேண்டாம்

தினேஷ்: அத்தான் இது எப்பவாச்சும் நடக்குறது. சில கம்பெனி அஞ்சு வருஷம் வரைக்கும் வாரண்டி தர்றான்

முருகன் அத்தான்: தர்றான்தான். ஆன்லைன்ல வாங்கினா அந்த ஆளு திருநெல்வேலில இருந்து வரணும், வர்ற வரைக்கும் பெரியப்பா விசிறி வச்சு வீசணும். பெங்களூர்ல உனக்கு மறுநாளே வருவான் மாப்ள, இங்க கணக்கு வேற

பெரியப்பா: நம்ம வீட்ல இன்னொரு பிரச்சனையும் உண்டு. சாயங்காலம் ஆறு மணி ஆனா வோல்டேஜ் இறங்கிருது. 180க்கு வந்துருது. ஃபேன் நோயாளி மாதிரி சுத்துது

முருகன் அத்தான்: அதுலதான் மாமா பிஎல்டிசி கெட்டி. நம்ம லைன் ட்ரான்ஸ்பார்மர்ல இருந்து கடைசி வீடு. சாதா ஃபேன் வோல்டேஜ் இறங்குனா வேகம் இறங்கும், இது 180லயும் ஒரே வேகம்தான், உள்ள போர்டு அத சமாளிச்சுக்கும். ஆனா ஐப்பசில இடி மின்னல் அடிக்கும்போது சுவிட்ச அமத்திப் போடணும், அந்த போர்டுக்கு அது ஆகாது. சாதா ஃபேன் இடிய அந்த அளவுக்கு கண்டுக்காது

பெரியம்மா: கரண்டு இல்லாதன்னைக்கு என்ன செய்ய. மாசம் ஒருநா பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு அமத்துதான், மதியம் 2 மணிக்குத்தான் விடுதான், இன்வெர்ட்டர் ஒன்றரைக்கே கீ கீன்னு கத்தி நின்னுருது. அந்த அரை மணி நேரம் எங்க அத்தைக்கு, அதான் உங்க ஆச்சிக்கு, மூச்சு முட்டுது

தினேஷ்: பெரியம்மா அதுக்கு லித்தியம் பேட்டரி

பெரியப்பா: இவன யாராச்சும் பிடிங்கப்பா

சுபா அக்கா: அம்மா பகல்ல எத்தன ஃபேன் ஓடும்

பெரியம்மா: ஹாலு, அத்தை ரூம்பு, அடுப்படி. ரெண்டு லைட்டு

முருகன் அத்தான்: உங்க இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏஎச் ட்யூபுலர், மூணு வருஷம் ஆச்சு. புதுசுல 1800 வாட் மணி நேரம்னு சொல்லுவான், இப்ப 1200 கொடுத்தா பெருசு. மூணு சாதா ஃபேனும் லைட்டும் 265 வாட்ஸ், நாலரை மணி நேரம்தான் வரும், அத்தை சொன்ன கணக்கு சரியா இருக்கு. ஹால் ஒண்ண மாத்தினாலே 220க்கு வந்துரும், கிட்டத்தட்ட அஞ்சரை. ரெண்டு மணிய தாண்டிரும். பேட்டரி மாத்த வேண்டாம், தண்ணி மட்டும் பாத்து ஊத்துங்க

தினேஷ்: அப்ப ஆச்சி ரூமுக்கும் பிஎல்டிசி போட்டா இன்னும் நிக்கும்ல. அங்கயும் பதினாலு மணி நேரம் ஓடுது

முருகன் அத்தான்: கணக்குப்படி சரிதான் மாப்ள

பெரியம்மா: அத்தைகிட்ட கேட்டேன். ரிமோட்டுன்னதும் கத்துதாக. "நான் படுத்த வாக்குல கைய நீட்டி திருகுவேன், ராத்திரி மூணு மணிக்கு குளிருனா ஒண்ணு கொறப்பேன், வேர்த்தா ஒண்ணு கூட்டுவேன், கண்ணு தெரியாதவகிட்ட பொத்தானக் குடுத்து அமுக்கச் சொல்லுதானா அவன்"ங்காக. ரெகுலேட்டர் கட்டில் தலைமாட்டுலயே இருக்கு அவுகளுக்கு

சுபா அக்கா: ஆச்சி சொல்றது சரிதான். நடுராத்திரி கண்ணாடி தேடி ரிமோட் தேடி, அதுல பேட்டரி வேற தீந்திருக்கும்

தினேஷ்: வால் ரெகுலேட்டர்ல ஓடுற பிஎல்டிசியும் சில மாடல் வருது

முருகன் அத்தான்: வருது, ஆனா எல்லாம் அப்படி இல்ல. நிறைய மாடலுக்கு ரெகுலேட்டர கழட்டிட்டு நேரா லைன் குடுக்கணும், இல்லன்னா போர்டு சீக்கிரம் போயிரும். இத விடு. ஆச்சி ரூம்ல இருக்கது சதுரப் பெட்டி ரெகுலேட்டர்தானே மாமா, கனமா, சுத்துனா டக்கு டக்குன்னு விழும்

பெரியப்பா: ஆமா. அப்பா காலத்துல மாட்டினது. நானும் ஆச்சி ரூம்ல மூணுலதான் வைப்பேன், கரண்டு கம்மியாகும்ல

முருகன் அத்தான்: அதுல பெருசா கம்மியாகாது மாமா, அதான் சொல்ல வந்தேன். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கது கம்பிச்சுருள், ஃபேனுக்குப் போக வேண்டிய கரண்ட அது சூடாக்கித் தின்னுரும். மூணுல வச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சு தொட்டுப் பாருங்க வெதுவெதுன்னு இருக்கும். ஒரு இருபது வாட்ஸ் கிட்ட அப்படியே போகுது. இப்ப வர்ற சின்ன ரெகுலேட்டர்ல கண்டன்சர் வச்சு குறைப்பான், சூடாகாது, குறைச்சு வச்சா நிஜமாவே கரண்ட் குறையும். இருநூத்தம்பது ரூபா. அதே இடத்துல, அதே மாதிரி திருகுறது. ஆச்சிக்கு வித்தியாசமே தெரியாது, ஃபேனும் பழசே இருக்கும்

சுபா அக்கா: சூப்பர் அத்தான். 20 வாட்ஸ் 14 மணி நேரம்னா பில்லுக்கு 17 யூனிட் குறையும். ஹால் 43. ரெண்டும் சேத்து 60. கோடைல 540 வந்தது 480. மூவாயிரத்து இருநூத்தம்பதுல முடிஞ்சது

அத்தை மதுரை: அப்பல்லாம் அந்தப் பெட்டி மேல நான் ஈரத்துணி காயப் போட்டேன் அது காயுதேன்னு சந்தோசப்பட்டேன்

பெரியம்மா: நீங்களுமா மதினி 😄

பெரியப்பா: ஈரத்துணியா. அதுல கரண்டு இருக்குன்னு தெரியாதா

அத்தை மதுரை: கல்யாணத்துக்கு முந்தி அண்ணே, இப்ப திட்டாதீங்க

தினேஷ்: சரி அஞ்சு வேண்டாம் ஒண்ணு. ஆனா அந்த ஒண்ணு ஆன்லைன்ல இருநூறு ரூபா கம்மி

பெரியப்பா: இருநூறு போனா போகட்டும். ஃபேன் நின்னா முருகன் சட்டையப் பிடிக்கலாம், ஆன்லைன்காரன் சட்டைய எங்க போய் பிடிக்க

முருகன் அத்தான்: 😂 மாமா சட்டை புதுசு

பெரியம்மா: வெள்ளை வேண்டாம் முருகா, தூசி அப்பிக்கிடும். காப்பி கலர் இருக்கா

முருகன் அத்தான்: பிரவுன் இருக்கு அத்தை. ஸ்டாரு லேபிள் பாத்து அஞ்சு ஸ்டாராவே எடுத்து வைக்கேன். 2023ல இருந்து எல்லா சீலிங் ஃபேன்லயும் அந்த லேபிள் இருந்தாகணும், சாதா ஃபேன்னாலும். லேபிள் இல்லாம யாராச்சும் பழைய ஸ்டாக் தள்ளி விட்டா வாங்கிராதீங்க

பெரியப்பா: பில்லு போட்டுக் கொண்டு வா. வாரண்டி கார்டுல தேதி போட்டு சீல் குத்து. சொந்தக்காரன்னு சும்மா எழுதிராத

முருகன் அத்தான்: சரி மாமா. சனிக்கிழமை சாயங்காலம் வாரேன். கொக்கில இருந்து ராடு நீளம் எவ்வளவுன்னு டேப் வச்சு பாத்து சொல்லுங்க, பெட்டில வர்ற ராடு ஒரு அடி கூட இருக்காது

*திங்கள்*

பெரியப்பா: ரெண்டே கால் அடி. பழைய ராடே ஆகாதா

முருகன் அத்தான்: ஓட்டை சேராது மாமா. அதே நீளத்துக்கு வேற எடுத்துட்டு வாரேன், நூத்தைம்பது ஆகும். ஏணி மட்டும் பக்கத்து வீட்ல சொல்லி வைங்க