மறுமொழி: ‘இன்வேசிவ்’ தொற்றுக்குத் தமிழ்ச்சொல் – ‘அகம்புகு தொற்று’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

‘இன்வேசிவ் பாக்டீரியல் இன்ஃபெக்சன்’ (பாக்டீரியம் உடலின் உட்பகுதிக்குள் புகுந்து உண்டாக்கும் தொற்று) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு இதுவரை வந்த ‘கடுந்தொற்று’, ‘ஆக்கிரமிப்புத் தொற்று’, ‘ஊடுருவல் தொற்று’ ஆகிய மூன்று சொற்களையும் படித்தேன். ஈரோட்டுப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இந்த முடிவுகளை நாள்தோறும் பதிவு செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றும் நோயின் இயல்பைச் சொல்லப் பார்க்கின்றன, பொதுசுகாதாரத்தில் அந்த நோயை எதை வைத்துக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைச் சொல்லவில்லை.

கணக்குக்கு அடிப்படை, கிருமி இருந்த இடம். இயல்பாகக் கிருமியே இல்லாத இடங்களான இரத்தம், மூளைத் தண்டுவட நீர், நுரையீரல் உறைக்குள் சேரும் நீர், மூட்டு நீர் போன்றவற்றில் பாக்டீரியம் கண்டறியப்பட்டால்தான் அது ‘இன்வேசிவ்’. நிமோனியாவை உண்டாக்கக்கூடிய நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியம், நலமாக ஓடியாடும் குழந்தைகள் பலரின் மூக்கின் பின்புறத்தில் சும்மா கிடக்கிறது. அதே கிருமி சளியில் மட்டும் முளைத்து, நோயாளி செயற்கைச் சுவாசத்தில் படுத்திருந்தாலும், இந்தக் கணக்கில் அவர் சேரமாட்டார். ஆகவே காங்கயம் நண்பரின் ‘கடுந்தொற்று’ பொருந்தாது. கடுமை வேறு, இடம் வேறு.

‘ஆக்கிரமிப்புத் தொற்று’ எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது. நொய்யல் கரையையும் குளத்தையும் வளைத்துக் குடியிருப்பதைத்தான் நம் பக்கம் ஆக்கிரமிப்பு என்கிறோம். அப்படிக் குடியிருப்பது தொண்டையில் தங்கிய கிருமியே தவிர, இரத்தத்தில் இறங்கிய கிருமி அன்று. சொல் பொருளைத் தலைகீழாக்கிவிடும். ‘ஊடுருவல் தொற்று’ தவறில்லை. ஆனால் உடலைத் துளைத்துச் செய்யும் சிகிச்சைகளுக்கும் அதே சொல்லைப் புழங்குகிறோம் என்பதால், குழாய் செருகியதால் வந்த தொற்று என்று படிப்பவர் எண்ணக்கூடும்.

என் பரிந்துரை ‘அகம்புகு தொற்று’. அகம் என்றால் உள்ளும் ஆகும், வீடும் ஆகும். மூக்கும் தொண்டையும் குடலும் உடலுக்குள் இருப்பதாகத் தோன்றினாலும் அவை திண்ணை மாதிரி. வழிப்போக்கன் உட்காரலாம், படுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அவனே உள்வீட்டுக்குள் நின்றால்தான் ஊரைக் கூட்ட வேண்டும். இதை ஒட்டி, கிருமியில்லா இடத்தைக் ‘கிருமியற்ற அகம்’ என்றால் வரையறை ஒரே வரியில் முடிந்துவிடும்: ‘கிருமியற்ற அகத்திலிருந்து எடுத்த மாதிரியில் பாக்டீரியம் முளைத்தது’.

‘முளைத்தது’ என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். ஒருமுறை இரத்த வளர்ப்புச் சோதனை (இரத்தத்தில் கிருமி இருந்தால் வளரவிட்டுப் பார்ப்பது) முடிவைத் தமிழில் ‘வளர்ச்சி இல்லை’ என்று அச்சிட்டுக் கொடுத்தோம். தாளை வாங்கிய அமுச்சி (குழந்தையின் பாட்டி), “வளத்தியில்லீன்னு போட்டிருக்குதுங்களே, கொளந்தை நல்லாத்தானுங்க வளருது?” என்று கேட்டார். அன்றிலிருந்து ‘கிருமி முளைக்கவில்லை’ என்றே சொல்கிறேன். இதில் இன்னொரு வசதியும் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட பிறகு எடுத்த இரத்தத்தில் கிருமி பல நேரங்களில் முளைப்பதில்லை. அதனால் நோய் இல்லை என்றாகிவிடாது. களைக்கொல்லி அடித்த காட்டில் முளை வரவில்லை என்பதற்காக மண்ணில் விதையே கிடையாது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார்.

இந்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் தொடங்கியபோது எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள் வந்தன. அறிகுறியை வைத்துச் சுகாதாரப் பணியாளர் நிரப்புவது எஸ், மருத்துவர் நிரப்புவது பி, ஆய்வகம் நிரப்புவது எல். அகம்புகு தொற்று உறுதியாவது ஆய்வகத்தில்தான் என்பதால், சொல் ஆய்வகத்தாருக்கு ஐயமின்றி இருக்க வேண்டும். தவறான பெயர் ஒட்டிக்கொண்டால் பிறகு உரிக்க முடியாது: 1892இல் ஃப்ளூ காய்ச்சலுக்குக் காரணம் என்று ஜெர்மானிய அறிவியலாளர் பைஃபர் கருதிய பாக்டீரியம், உண்மைக் காரணமான வைரஸ் 1933இல் மனிதரிடமிருந்து பிரிக்கப்பட்ட பின்னரும், இன்றுவரை ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சே என்றுதான் அழைக்கப்படுகிறது.

கோபியிலிருந்து,
ஆய்வக நுட்பநர்

—

வணக்கம்.

கோபி நண்பரின் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. வரையறையில் மட்டும் ஓர் இடறல். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியம் தசையுறையை (தசையைப் போர்த்தியிருக்கும் உறையை) அழுகச் செய்யும்போது, கிருமி புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் மட்டும் முளைத்தாலும் அதை இன்வேசிவ் என்றே கணக்கிடும் வரையறைகள் உண்டு. புண் கிருமியற்ற அகம் அன்று. ஆனால் அங்கும் கிருமி தோலைக் கடந்து ஆழத்தில் புகுந்துதான் இருக்கிறது என்பதால் ‘அகம்புகு’ என்ற பெயர் நிற்கும். ‘அல்லது தசையுறை அழுகலுடன் வந்த புண்ணிலிருந்து’ என்று வரையறையில் ஒரு தொடர் சேர்த்தால் போதும்.

‘வேலிதாண்டு தொற்று’ என்று எனக்குத் தனிமடலில் எழுதியவருக்கு: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலி தாண்டிய வெள்ளாடு என்று ஏளனம் பேசும் ஊரில், நோயாளி ஒரு பெண்ணாக இருந்தால் அந்தத் தாளை அவர் கையில் எப்படிக் கொடுப்பது?

அடுத்த மாதம் செவிலியர் பயிற்சிக்கான குறிப்பில் ‘அகம்புகு தொற்று’, ‘கிருமி முளைக்கவில்லை’ இரண்டையும் போட்டுப் பார்க்கிறேன். அவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து,
குழந்தை நல மருத்துவர்