விகடகவியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவங்க இருக்கீங்களா?

கானாடுகாத்தான்:
பி.சி.ஏ. ரெண்டாம் வருஷம். ஒரு சொல்லைத் திருப்பி எழுதுற புரோகிராமை சி, ஜாவா, பைத்தான் மூணுலயும் போடச் சொல்லியிருந்தாங்க. இங்கிலீஷ் சொல்லுக்கு மூணும் சரியா வந்துச்சு. வளவுல உட்கார்ந்து ஐயாகிட்ட காட்டினேன். "தமிழ்ல போடு ஆத்தா, விகடகவி போடு"ன்னாங்க. சி-யில வெறும் கேள்விக்குறியா கொட்டுச்சு. பைத்தான், ஜாவா ரெண்டும் ஒரே மாதிரி: முதல்ல ஒரு புள்ளி வட்டம், அது மேல தனியா ஒரு மேல்விலங்கு ('ி' குறி). அப்புறம் வ, க, ட. அதுக்கடுத்து எங்கேருந்தோ ஒரு 'கி'! ஐயா கண்ணாடியைத் துடைச்சுட்டுக் கேட்டாங்க: "வி-யோட விலங்கை ஏன் கழட்டினே?" என்கிட்ட பதில் இல்லை.

தேவகோட்டை:
எனக்கு இது இன்டர்வியூல நடந்துச்சு. அதே சொல்லுக்கு நீளம் எவ்வளவுன்னாங்க. அஞ்சுன்னேன். தப்பு, ஏழுன்னுட்டாங்க. ஸ்விஃப்ட்ங்கிற புரோகிராம் மொழியில எண்ணினா அஞ்சுதான் வரும், பைத்தான்ல ஏழு, கோ-ங்கிற மொழியில 21. ஒண்ணாப்புப் பிள்ளையைக் கேட்டாலும் அஞ்சுன்னுதானே சொல்லும்? இன்னும் மனசு ஆறலை.

பள்ளத்தூர்:
மொழி மேல பழி போடாதீங்க. யூனிகோடுல (எழுத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல எண் கொடுக்கிற முறை) 'வி'ங்கிறது வ ஒண்ணு, விலங்கு ஒண்ணு, ரெண்டு குறியீடு. அப்படி மொத்தம் 7. அதைப் பைட்டாச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், அதான் 21. சி பைட்டைத் திருப்புது, பைத்தான் குறியீட்டைத் திருப்புது. நாமதான் எழுத்தைத் திருப்பச் சொல்லணும். எலிக்சர் மொழியில ரிவர்ஸ், ராகு மொழியில ஃபிளிப், ரெண்டும் தானாவே எழுத்தாப் பார்க்கும். ஜாவாஸ்கிரிப்ட்னா எழுத்து எழுத்தாப் பிரிக்கிற செக்மென்டர் இருக்கு. பிஹெச்பி-யில கிராஃபீம்னு (முழு எழுத்து) தொடங்குற ஃபங்ஷன்களை எடுங்க, சாதா ஸ்டிரிங் ஃபங்ஷன் வேண்டாம். இன்னொண்ணு, 'கொ'வோட குறி ஒரே குறியீடாவும் இருக்கலாம், கொம்பு தனி கால் தனியாவும் இருக்கலாம். ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாங்க. இது தெரியாம ஒரு பெயர்ப்பட்டியல்ல அதே 'கொப்புடையம்மாள்' ரெண்டு ஆளா வந்து, நான் ராத்திரி பூரா தேடியிருக்கேன்.

புதுவயல்:
க்ஷ போட்டுப் பார்த்தீங்களா? எழுத்தாத் திருப்பினாலும் க் தனி, ஷ தனியா உடைஞ்சிடும். அப்பத்தா பேரு லக்ஷ்மி, அதுலதான் கண்டுபிடிச்சேன்.

தேவகோட்டை:
லெட்சுமின்னு எழுதினா அந்தப் பிரச்சினையே இல்லையே. நம்ம பக்கம் அப்படித்தானே எழுதுறோம்?

புதுவயல்:
பத்திரத்துல க்ஷ தானே இருக்கு. பேரை நாம மாத்த முடியுமா?

கானாடுகாத்தான்:
பள்ளத்தூர் அண்ணே, நான் மொழியைக் குறை சொல்லலை, எனக்குத் தெரியலைன்னுதான் சொன்னேன். எலிக்சர்ல போட்டேன், விகடகவி சரியா வந்துச்சு. ஐயா உடனே, திருப்பிப் படிச்சாலும் அப்படியே வர்ற பாட்டுகளான சம்பந்தரோட திருமாலைமாற்றை எடுத்துட்டு வந்துட்டாங்க. முதல் பாட்டு, இடைவெளியை எடுத்ததும் ரெண்டு பக்கமும் ஒண்ணா நின்னுச்சு. மீதியை இன்னிக்கு ராத்திரி அடிக்கணும்.