பத்தமடைப் பாயின் சிவப்பு போனில் வெளிறுகிறது, உதவுங்கள்

கோரைப்புல்: அவசரம். மதினி நெய்த பாய்களைப் படம் எடுத்து விற்பனைக்குப் போடுகிறேன். எடிட் பண்ணும்போது சிவப்பு அருமையாக இருக்கிறது. அனுப்பின பிறகு பார்த்தால் செத்த சிவப்பு. பாயைக் கையில் வாங்கியவர்கள் படத்தில் வேறு நிறம் என்கிறார்கள். என்ன செய்ய?

ஜங்ஷன்காரன்: எந்த சாஃப்ட்வேர்? எந்த கேமரா? கேமராவின் மூலத் தரவான ராவா, சுருக்கிய படமான ஜேபெக்கா? எதில் அனுப்புகிறீர்கள்?

வெயிலூர்: நைட் லைட் ஆன் ஆகியிருக்கும் தம்பி. அணைத்துப் பாருங்க.

வண்ணவாத்தியார்: இதற்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுவது? காலிபிரேட் பண்ணாத, அதாவது நிறத்தை அளந்து சரிசெய்யாத மானிட்டரில் நிறம் பார்ப்பவர்கள் அடிப்படையைப் படித்துவிட்டு வர வேண்டும். முதலில் காலிபிரேட்டர் வாங்குங்கள், அப்புறம் பேசலாம்.

கோரைப்புல்: போட்டோஷாப், நிக்கான், ஜேபெக். வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறேன்.

ஆத்தங்கரை: நைட் லைட் என்றால் திரை முழுக்க மஞ்சளடிக்கும், பாய் மட்டும் மாறாது. காலிபிரேஷன் நல்லதுதான், ஆனால் அது உங்கள் மானிட்டரோடு சரி. வாங்குபவர் போனிலும் வெளிறுகிறது என்றால் கோளாறு ஃபைலில் இருக்கிறது. கேமராவிலிருந்து வந்த ஃபைல் பெயரைப் பாருங்கள். டிஎஸ்சி என்ற எழுத்துகளுக்கு முன்னால் அண்டர்ஸ்கோர் இருந்தால், கேமரா அடோபி ஆர்ஜிபி என்ற பெரிய கலர் ஸ்பேஸில் (நிற எல்லையில்) இருக்கிறது. படத்தின் நிற எண்களை எந்த ஸ்பேஸில் படிக்க வேண்டும் என்று சொல்லும் ப்ரொஃபைல் அனுப்பும் வழியில் கழன்றுவிட்டால், போன் அதே எண்களை வழக்கமான சின்ன ஸ்பேஸான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். சிவப்பு மங்குவது அதனால்தான்.

எடிட் மெனுவில் கன்வர்ட் டு ப்ரொஃபைல் போய் எஸ்ஆர்ஜிபி கொடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் அசைன் ப்ரொஃபைலைத் தொடாதீர்கள். அது எண்களை அப்படியே விட்டுவிட்டு ப்ரொஃபைலை மட்டும் மாற்றும், உங்கள் திரையிலேயே நிறம் மங்கிவிடும். சேமிக்கும்போது ப்ரொஃபைலை ஃபைலோடு சேர்க்கும் (எம்பெட்) டிக் இருக்கட்டும். கேமராவிலும் கலர் ஸ்பேஸை எஸ்ஆர்ஜிபி ஆக்கிவிடுங்கள்.

வண்ணவாத்தியார்: தவறான வழிகாட்டல். அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்ததே அச்சை மனதில் வைத்துத்தான். பச்சையிலும் நீலப்பச்சையிலும் எவ்வளவு அதிகம் கிடைக்கிறது தெரியுமா? எஸ்ஆர்ஜிபிக்குப் போனால் அதெல்லாம் போச்சு.

ஜங்ஷன்காரன்: இங்கே அச்சு எங்கிருந்து வந்தது? அவர் போனுக்கு அனுப்புகிறார். நான் ஆல்பம் அச்சுக்குக் கொடுக்கும் லேப்பிலும் எஸ்ஆர்ஜிபிதான் கேட்கிறார்கள்.

வண்ணவாத்தியார்: லேப் கேட்கிறது என்பதற்காக மூலப்படத்தைக் கெடுப்பதா?

ஆத்தங்கரை: மூலத்தை யாரும் தொடச் சொல்லவில்லை. அனுப்புகிற நகலை மட்டும் மாற்றினால் போதும். பெரிய கலர் ஸ்பேஸ் வேண்டுமென்றால் ராவில் எடுக்கட்டும். கேமராவின் அந்த செட்டிங் ராவின் நிறத்தைக் கட்டுப்படுத்தாது.

வெயிலூர்: அது சரி, இது பதிமுகக் கட்டைச் சாயமா, கடைச் சாயமா? கட்டைச் சாயத்தின் சிவப்பு எந்த கேமராவிலும் சரியாக விழாது.

ஜங்ஷன்காரன்: அண்ணாச்சி, சாயம் எதுவானாலும் எடிட்டில் சரியாகத்தானே தெரிகிறது!

கோரைப்புல்: அண்டர்ஸ்கோர் இருந்தது. மாற்றி அனுப்பினேன், சிவப்பு வந்துட்டு. பெரிய உதவி ஆத்தங்கரை அண்ணாச்சி. பார்சல் கட்ட வேண்டியிருக்கு, வாறேன்.