ஜிடிஏ 4: அறுபது எஃப்பிஎஸ் கொடுத்தது டிஎல்எல் ஃபைலா, ரேமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நேற்று ஒரு மகான் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசசர் வைத்திருக்கிறாராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாதாம். ஜிடிஏ 4 கேம் நொடிக்கு முப்பது ஃப்ரேமை (எஃப்பிஎஸ்) தாண்டாமல் நொண்டியதாம். பழைய கேமின் கிராபிக்ஸ் அழைப்புகளை மாற்றிக் கொடுக்கும் டிஎக்ஸ்விகே மென்பொருளை இறக்கி, டி3டி9 டிஎல்எல் என்ற ஒரே ஃபைலை கேம் ஃபோல்டரில் போட்டாராம், அறுபது வந்துவிட்டதாம். "ரேமுக்குக் காசைக் கொட்டுகிறவன் கேனயன்" என்று கடைசியில் உபதேசம் வேறு. அதே பதிவின் நடுவில், "அன்றைக்குத்தான் வீட்டில் சும்மா கிடந்த இன்னொரு 8 ஜிபி ரேம் ஸ்டிக்கையும் மாட்டினேன்" என்று சத்தமில்லாமல் ஒரு வரி இருக்கிறது. யார் கண்ணிலாவது பட்டதா?

5600ஜி-க்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமைக் கடன் வாங்கித்தான் ஓடும். டிடிஆர்4 3200 ரேமில் ஒற்றை ஸ்டிக் என்றால் நொடிக்கு 25.6 ஜிபி தரவு போகும். இரண்டு ஸ்டிக் மாட்டி இரண்டு சேனலும் (தரவுப் பாதையும்) சேர்ந்தால் 51.2. அறுபது வந்தது ரேமால். ஃபைலால் இல்லை.

நகரி தறி:
மகான் ஆஜர். அண்ணே, கணக்கெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ரேம் மாட்டுவதற்கு முன்னாலேயே ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பார்த்தேன். எஃப்பிஎஸ் அசையவே இல்லை. கிராபிக்ஸ்தான் திணறுகிறது என்றால் 720-ல் ஏறியிருக்க வேண்டாமா? இந்த கேம் 2008 டிசம்பரில் பிசிக்கு வந்தது. கிராபிக்ஸிடம் படம் வரையச் சொல்லும் பழைய முறையான டைரக்ட்எக்ஸ் 9-ல் எழுதியது, டிரைவர் வழியிலேயே பிராசசர் நேரத்தைத் தின்னும். டிஎக்ஸ்விகே அந்த அழைப்புகளை வல்கன் என்ற புது முறைக்கு மாற்றிக் கொடுக்கிறது. அதுதான் வித்தியாசம். ரேம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பிராசசரும் ரேமிலிருந்துதான் தின்கிறது, தம்பி. அது காற்றைக் குடித்து ஓடவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஃபைல் அப்படியே இருக்கட்டும், ஒரு ஸ்டிக்கை மட்டும் உருவிவிட்டு ஓட்டிக் காட்டுங்கள். அறுபது வந்தால் பேசுவோம்.

நகரி தறி:
நீங்கள் ஏன் என்னை ரேமை உருவச் சொல்கிறீர்கள்? ஃபைலைத் தூக்கிவிட்டு ஓட்டச் சொல்லலாமே? அது ஒரு டெலிட் பட்டன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அதையும் நீங்கள் செய்யவில்லையே.

புளியரை செக்போஸ்ட்:
அண்ணாச்சி, நடுவில் ஒரு சந்தேகம். நானும் அந்த ஃபைலைப் போட்டேன். கேம் திறக்கவே இல்லை, 0xc000007b என்று ஒரு பெட்டி வருகிறது. என்ன செய்ய?

நகரி தறி:
டிஎக்ஸ்விகே-யின் எக்ஸ்64 (64 பிட்) ஃபோல்டரிலிருந்து எடுத்திருப்பீர்கள். ஜிடிஏ 4 ஒரு 32 பிட் கேம். எக்ஸ்32 ஃபோல்டரில் இருப்பதை எடுத்து, கேமின் எக்ஸ்இ ஃபைல் இருக்கும் இடத்திலேயே போடுங்கள். கார்டும் டிரைவரும் வல்கன் 1.3 தாங்க வேண்டும், இல்லையென்றால் டிஎக்ஸ்விகே 2.0-க்கு முந்தைய பதிப்பைத் தேடுங்கள். எஃப்பிஎஸ்ஸைத் திரையில் காட்டும் ரிவாடியூனர் போட்டால் மூலையில் டி3டி9 என்பதற்குப் பதிலாக வல்கன் என்று காட்டும். காட்டினால் வேலை செய்கிறது என்று அர்த்தம். முதல் கொஞ்ச நேரம் புதுத் தெருவுக்குள் போகும்போது திக்கும், ஷேடர் (படம் வரையும் சிறு நிரல்கள்) தயாராகிற வரைக்கும். பயப்படாதீர்கள்.

புளியரை செக்போஸ்ட்:
திறந்துவிட்டது! நன்றி அண்ணாச்சி. ஆனால் எஃப்பிஎஸ் முன்னால் இருந்த அதே அளவுதான் நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஹா. எத்தனை ஸ்டிக் போட்டிருக்கிறீர்கள்?

புளியரை செக்போஸ்ட்:
ஒன்று. பழைய லேப்டாப்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
முடிந்தது கதை. கேஸ் தள்ளுபடி.

நகரி தறி:
எந்த லேப்டாப், என்ன பிராசசர், எவ்வளவு சூடு என்று எதையும் கேட்காமல் தீர்ப்பு! உங்கள் ஊர் பஞ்சாயத்தே இப்படித்தானா?

வேலந்தாவளம் பைபாஸ்:
ஏனுங்க, நான் ஒன்று கேட்கட்டுங்களா? நகரிக்காரர் பிசி தறி ஓடுகிற கூடத்தை ஒட்டின அறையில் இருக்கிறது என்று முன்னால் ஒரு தடவை எழுதியிருந்தார். ரேம் மாட்ட கேபினெட்டைத் திறந்தபோது உள்ளே துடைத்தீர்களா?

நகரி தறி:
துடைக்காமலா? பிராசசர் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகட்டின் மேல் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் நூல் சுற்றிக்கொண்டு கிடந்தது. பிரஷ் போட்டுச் சுரண்டி எடுத்தேன், தெர்மல் பேஸ்டும் புதிதாகத் தடவினேன்.

வேலந்தாவளம் பைபாஸ்:
அப்போ இரண்டு பேர் சொல்வதும் இல்லைங்க. சூட்டில் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு கிடந்திருக்கும். ரெசல்யூஷனை இறக்கியும் ஏறாததற்கு அதுவே காரணமாக இருக்கலாமுங்க. முன்னால் டெம்பரேச்சர் எவ்வளவு காட்டியது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பஞ்செல்லாம் இருக்கட்டும். பேச்சு ரேமைப் பற்றி.

நகரி தறி:
ஆமாம், பஞ்சு இருக்கட்டும். பேச்சு ஃபைலைப் பற்றி.

வேலந்தாவளம் பைபாஸ்:
இதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறீர்களே, சாமி.

குமுளி ஏலம்:
ஒரு ஃபைலையும் போடாமல் நான் நன்றாகத்தான் ஓட்டுகிறேன். ஷேடோ குவாலிட்டியையும் ரிஃப்ளெக்‌ஷனையும் குறைத்தேன், வாகன நெரிசலைப் பாதியாக்கினேன். கேம் போடும் கட்டுப்பாட்டைத் தளர்த்த, கமாண்ட்லைன் டெக்ஸ்ட் ஃபைலில் நோரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ், அவைலபிள்விட்மெம் இரண்டையும் எழுதினேன். பயாஸில் (பிசியின் அடிப்படை செட்டப்பில்) கிராபிக்ஸுக்கு 512 எம்பி மட்டும் ஒதுக்கியிருந்தால் அதை 2 ஜிபி ஆக்கிவிடுங்கள், இந்த மாதிரி பழைய கேம் அதைப் பார்த்துத்தான் செட்டிங்ஸையே பூட்டி வைக்கிறது. வேறு ஒரு மண்ணும் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
குமுளிக்காரரா பேசுவது? உங்களிடம் வாங்கிய கிராபிக்ஸ் கார்டில் ஒரு ஃபேன் இன்றுவரை சுற்றவில்லை. நீங்கள் செட்டிங்ஸ் பாடம் எடுக்கிறீர்கள்.

குமுளி ஏலம்:
வாங்கும்போது ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? அது சூடு ஏறினால்தான் சுற்றும் ரகம் என்று அன்றைக்கே சொன்னேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சித்திரையில் பாலக்காட்டு வெயிலுக்கு ஆளே வெந்து போகிறான், அந்த ஃபேனுக்கு மட்டும் இன்னும் சூடு ஏறவில்லையாம்! வைகாசியும் வந்துவிட்டது.

குமுளி ஏலம்:
எங்கள் ஊரில் குளிர். இங்கே சுற்றியது. கணவாய்க் காற்றில் புழுதியை அள்ளிப் போட்டு அடைத்தது நீங்கள்.

புளியரை செக்போஸ்ட்:
ஒரு விஷயம், எஃப்பிஎஸ் ரொம்ப ஏற்றியும் பிரயோஜனம் இல்லை. கடைசி மிஷனில் ஹெலிகாப்டரில் தொற்றி ஏற வேண்டும். எஃப்பிஎஸ் கூடுதலாக இருந்தால் பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் ஏற மாட்டான். முப்பதுக்குப் பூட்டித்தான் நிறையப் பேர் முடித்தார்கள்.

நகரி தறி:
அண்ணாச்சி, நான் இன்னும் பாதிதான் விளையாடியிருக்கிறேன். கடைசி மிஷனை ஏன் சொன்னீர்கள்?

புளியரை செக்போஸ்ட்:
2008-ல் வந்த கேமுக்கா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பாதி விளையாடியவர்தான் நேற்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தார். சரி, பேச்சை மாற்ற வேண்டாம். சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி பக்கத்தில் சேனல் என்ன என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். அப்புறம் ஒரு ஸ்டிக்கை உருவிவிட்டு இன்னொன்று. ஒரே இடத்தில், அதே பாலத்தின் மேல், அதே மழையில்.

நகரி தறி:
அதே மழைக்கு நான் எங்கே போவது? கேமில் மழை தானாக வருகிறது. நீங்களே ஒன்று செய்யலாம். உங்களிடமும் 5600ஜி இருக்கிறது என்று பதிவுக்குக் கீழே வரும் கையெழுத்திலேயே போட்டிருக்கிறீர்கள். உங்கள் ரேமை உருவி, ஃபைலைப் போட்டுக் காட்டுங்களேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
என்னிடம் அந்த கேம் இல்லை.

நகரி தறி:
என்னது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கேம் இல்லாவிட்டால் என்ன? 25.6-ஐ இரண்டால் பெருக்க கேம் எதற்கு? அடுப்பில்லாதவனும் கணக்குப் போடலாம்.

வேலந்தாவளம் பைபாஸ்:
கேமே இல்லாமல்தான் இத்தனை நேரமாக... ஏனுங்க, பொள்ளாச்சிப் பக்கம் வந்தால் என் வீட்டில் ஓட்டிப் பாருங்கள். என் பிசியில் பஞ்சு கிடையாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
உங்களுடையது இன்டெல். அதில் பார்த்து என்ன ஆகப்போகிறது?

வேலந்தாவளம் பைபாஸ்:
இன்டெல் என்றால் இளக்காரமா? தனியாக ஒரு விவாதத் திரி போடட்டுமா?

குமுளி ஏலம்:
போடுங்கள், நானும் வருகிறேன். ரைசன்காரர்களுக்குத் தலைக்கனம் கூடிவிட்டது.

நகரி தறி:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. 720-ல் ஏன் ஏறவில்லை?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரேமை உருவுங்கள், சொல்கிறேன்.