பெயரில் இரும்பு வேண்டுமா? எச்.என்.எல்.சி. கடலுக்கு ஒரு தமிழ்ச்சொல்

வணக்கம்.

கடலியல் சொற்பட்டியலில் எச்.என்.எல்.சி. (High Nutrient, Low Chlorophyll: சத்து மிகுந்தும் பச்சையம் குறைந்த கடல்) என்பதற்கு நேரான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கோடையிலும் தீராமல் கிடக்கும். மிதவைப் பாசியின் அளவைக் காட்டும் பச்சையம் மட்டும் பெரும்பாலும் கன மீட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டாது. தென்பெருங்கடல், வடபசிபிக்கின் வடகோடி, நிலநடுக்கோட்டுப் பசிபிக் ஆகிய மூன்றும் இவ்வகை. அண்டார்க்டிக்காவைச் சூழ்ந்த நீரில் லிட்டருக்கு 20 மைக்ரோமோலுக்கு மேல் நைட்ரேட் உண்டு. பாசி வளரத் தேவையான கரைந்த இரும்போ பல இடங்களில் 0.2 நானோமோல்கூட இல்லை. எனவே 'இரும்புவறள் கடல்' என்று முன்மொழிகிறேன். சுருக்கமாக இருக்கிறது, காரணத்தையும் சொல்லிவிடுகிறது.

*

ஐயா, காரணத்தைச் சொல்லிவிடுவதுதான் இடிக்கிறது. இரும்புதான் முதன்மையான தடை என்பதில் ஐயமில்லை. 1999இல் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே சாய்ரி (SOIREE) சோதனையில் கடலில் இரும்பு தூவியதும் டயட்டம்கள் (சிலிக்கா ஓடுள்ள மிதவைப் பாசிகள்) பெருகின. தென் இந்தியப் பெருங்கடலின் கெர்கெலன் தீவுகளை ஒட்டிய கடலடி மேட்டில் இயற்கையாகவே இரும்பு கிடைப்பதால் ஆண்டுதோறும் அங்கே பெருக்கம் நிகழ்கிறது.

ஆனால் ஒளியும் உடன்சேர்ந்து தடுக்கிறது. புயற்காற்று மேலடுக்கை நூறு மீட்டருக்கும் கீழே கலக்கிவிட்டால் மிதவைப் பாசி நாளின் பெரும்பகுதியை இருட்டில் கழிக்கும். ஒளி குறைந்தால் செல் தன் ஒளிச்சேர்க்கை அமைப்புகளைக் கூட்ட வேண்டும். அவற்றைக் கட்டவே இரும்பு தேவை. ஆக, ஒளிப் பஞ்சம் இரும்புத் தேவையை ஏற்றிவிடுகிறது. இதில் எதன் பெயரை வைப்பது?

*

மேலே சொன்னதோடு சிலிக்காவையும் மேய்ச்சலையும் (பாசியைச் சிற்றுயிர்கள் தின்பது) சேர்த்துக்கொள்ளுங்கள். 2009இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் நடத்திய லோஹாஃபெக்ஸ் என்ற இரும்பு தூவும் சோதனை நல்ல சான்று. தென் அட்லாண்டிக்கில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் முதலில் 10 டன் இரும்பு சல்பேட் கரைத்தார்கள். அங்கே கரைந்த சிலிக்காவான சிலிசிக் அமிலம் லிட்டருக்கு 2 மைக்ரோமோலுக்கும் கீழே. சிலிக்கா ஓடு கட்ட வழியில்லாததால் டயட்டம்கள் எழவில்லை. எழுந்த ஓடற்ற சிறு பாசிகளைக் கோப்பிபாடுகள் என்ற நுண் ஓட்டுயிரிகள் தின்றன, அந்தக் கோப்பிபாடுகளைச் சற்றுப் பெரிய ஓட்டுயிரிகளான ஆம்பிபாடுகள் தின்றன. ஆழத்துக்கு இறங்கிய கார்பன் சொற்பம். இரும்பு கொடுத்தும் டயட்டம் பெருக்கம் வராத இந்த நீரை 'இரும்புவறள்' என்றால் பாதி உண்மைதான்.

மேய்ச்சலிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சிறு செல்களைத் தின்னும் ஒருசெல் உயிரிகள் அவற்றுக்கு ஈடாக வேகமாகப் பெருகும். அதனால் சிறு செல்கள் எப்போதும் அடங்கியே இருக்கும். டயட்டம்களைத் தின்னும் கோப்பிபாடுகள் தலைமுறை பெருக வாரக்கணக்கு ஆகும். அந்த இடைவெளியில்தான் பெருக்கமே நடக்கிறது.

*

அளவீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு காரணம். பச்சையத்தைச் செயற்கைக்கோள் காட்டிவிடும், நைட்ரேட்டைக் கப்பலிலேயே பார்த்துவிடலாம். இரும்பு அப்படியல்ல. எஃகுக் கம்பிவடம், கப்பல் உடலின் துரு, கழுவாத புட்டி, எதிலிருந்தும் மாசு ஏறும். செயற்கை இழை வடம், உட்புறம் டெஃப்லான் பூசிய மாதிரிக்கலன், அமிலத்தில் ஊறவைத்த புட்டி, தூசி வடிகட்டிய அறை, 0.2 மைக்ரான் வடிதாள், பிறகு அமிலமிட்டு பி.எச். 2க்குக் கீழே இறக்குதல் என ஒன்றும் தவறக்கூடாது. தவறினால் இரும்பு சேர்க்காத ஒப்பீட்டுப் புட்டியிலும் பாசி வளர்ந்து சோதனையே வீணாகும். 1980களுக்கு முந்தைய இரும்பளவுகள் பல இப்படி உயர்ந்து வந்தவையே. எளிதில் அளக்க முடியாத ஒன்றின் பெயரால் ஒரு கடலை வகைப்படுத்துவது களத்தில் உதவாது.

*

சரி, 'இரும்புவறள்' என்பதை விலக்கிக்கொள்கிறேன். 'மிகையூட்டக் குறைபச்சையம்' எப்படி?

*

'மிகையூட்டம்' வேண்டாம். ஏரியில் கழிவுச்சத்து சேர்ந்து பாசி மண்டுவதற்கு அதை ஆள்கிறார்கள். இங்கே நிலைமை நேரெதிர். 'சத்துமிகு பச்சையக்குறை நீர்' என்போம். 'குளிர்' என்ற அடையும் கூடாது; நிலநடுக்கோட்டுப் பசிபிக் வெளியே போய்விடும்.

இது கிளைவிடவும் செய்கிறது. சத்தும் பச்சையமும் குறைந்த வெப்பமண்டல நடுக்கடல் 'சத்துக்குறை பச்சையக்குறை நீர்'. லோஹாஃபெக்ஸ் நடந்தது போன்ற இடம் 'நைட்ரேட்மிகு சிலிக்காக்குறை பச்சையக்குறை நீர்'. கடைசியது வாயை நிறைக்கிறது, ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'இரும்புவறட்சி' என்பதை வீணாக்க வேண்டாம். செல்லின் நிலையைக் குறிக்கத் தனிச்சொல்லாகப் பட்டியலில் ஏற்றலாம்.